கரு ஒட்டும் நாட்களில் கருப்பைச் சுவரில் என்ன நடக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சொந்தத்தில் யாருக்காவது நாள் தள்ளிப்போனால், தள்ளிப்போகாவிட்டால், ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) ரிப்போர்ட் கைக்கு வந்தால், போன் எனக்குத்தான் வரும். சித்தி மகளுக்கு இரண்டு முறை கரு வைத்தும் ஒட்டாமல் போனபோது அவள் ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். அதில் சேர்ந்த பதில்கள் இவை. கேள்விகள் கல்யாண வீட்டிலும் திருவாரூர் பஸ்ஸிலும் மாட்டுக் கொட்டகையிலும் கேட்டவை, கேட்டவர்கள் கேட்டபடியே.

அக்கா, "கருப்பைச் சுவரில் புரத மாற்றம்" என்கிறீர்களே, அதற்குப் புரோட்டீன் பவுடர் குடிக்கணுமா?

வேண்டாம். நாம் சாப்பிடும் முட்டையும் பருப்பும் வயிற்றிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், எந்தப் புரதமும் முழுசாகக் கிளம்பிப்போய்க் கருப்பையில் உட்காராது. இங்கே பேச்சே வேறு. செல்லுக்குள் ஜீன் சொன்னபடி ஒரு புரதத்தைச் செய்து முடித்த பிறகு அதன் மேல் சின்னச் சின்ன ஒட்டுகள் ஏறும். ஒரு பாஸ்பேட் ஏறலாம், சர்க்கரைச் சங்கிலி ஏறலாம், அசிட்டைல் ஏறலாம், சில சமயம் யுபிக்விட்டின், சுமோ மாதிரி இன்னொரு குட்டிப் புரதமே போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி 200-க்கும் மேற்பட்ட வகை தெரிந்திருக்கிறது. நமக்குப் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000 தான், ஆனால் உடம்பு அதை வைத்துக்கொண்டு பல மடங்கு வேலை வாங்குவதற்கு இந்த ஒட்டுகள் ஒரு பெரிய காரணம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரே நெல்தான். வாயைத் தைத்து மேலே சாயக்குறி அடித்த பிறகு ஒரு மூட்டை ஒரு லாரியிலும் இன்னொன்று வேறு லாரியிலும் ஏறும். புரதத்தின் மேல் ஏறும் ஒட்டும் அப்படித்தான், அது எங்கே போகணும், யாரோடு சேரணும், எப்போது அழியணும் என்பதை முடிவு செய்யும்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற சர்க்கரை ரிப்போர்ட்டை எடுங்கள். ஹெச்.பி.ஏ.1.சி. என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் ஹீமோகுளோபின் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்ட அளவுதான் அது. அதுவும் ஒரு புரத மாற்றம், ஆனால் அதில் ஒழுங்கு கிடையாது, சர்க்கரை அதிகமானால் தானாகப் போய் அப்பிக்கொள்ளும். கருப்பைச் சுவரில் நான் சொல்லப்போகும் சர்க்கரைச் சங்கிலிகள் அப்படி இல்லை, நொதிகள் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் கட்டுபவை. பேர் ஒரே மாதிரி இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, எக்கோஸ்பிரின், ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. உள்ளே இருக்கிற ஆஸ்பிரின் என்ன செய்கிறது தெரியுமா? ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் மேல் தன்னுடைய அசிட்டைலைக் கழற்றி ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தட்டணு சாகும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அந்த நொதி எழுந்திருக்காது. ஒரு ஒட்டுக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள்.

இது எந்த நாட்களில் நடக்கிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கருமுட்டை வெளிவந்து, விந்தணுவோடு சேர்ந்து, குழாய் வழியாக உருண்டு நாலைந்து நாளில் கருப்பைக்குள் வருகிறது. வந்ததும் ஒட்டாது. மேலோட்டைக் கிழித்து வெளியே வந்து, சுவர் தயாராக இருந்தால்தான் ஒட்டும். 28 நாள் சுழற்சி என்றால் ஏறத்தாழ 20-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரைதான் கதவு திறந்திருக்கும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழு பெண்களிடம் தினமும் சிறுநீர் வாங்கிச் சோதித்து 1999-இல் வெளியிட்ட கணக்கு எனக்கு மறக்காது: ஆறு வாரமாவது தாங்கிய 189 கர்ப்பங்களில் 84 சதவீதம், கருமுட்டை வெளிவந்ததிலிருந்து 8, 9, 10-ஆம் நாட்களில் ஒட்டியவை. தாமதமாக ஒட்டியவை அதிகம் கலைந்தன. 9-ஆம் நாளுக்குள் ஒட்டியதில் 13 சதவீதம் சீக்கிரமே கலைந்தது, 10-ஆம் நாள் என்றால் 26, 11-ஆம் நாள் என்றால் 52, அதற்கும் பிறகு 82.

மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவை என்று நாம் வருஷா வருஷம் நாள் எண்ணுவது எதற்கு? தண்ணீர் வந்தது மட்டும் போதாது, நாற்றின் வயதும் வயலின் நிலையும் அந்த நாளில் ஒத்துவரணும். இங்கேயும் அதே கணக்குதான், அது மாசக் கணக்கில், இது நாள் கணக்கில்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. மனுஷியின் கருப்பைச் சுவர், கரு வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே தன்னை மாற்றிக்கொள்கிறது. எலிக்கு அப்படி இல்லை, கரு வந்து தட்டினால்தான் அதன் சுவர் மாறும். மனிதர்கள், சில குரங்குகள், சில வௌவால்கள் போன்ற கொஞ்சம் இனங்களுக்குத்தான் இந்த முன்தயாரிப்பு, அவற்றுக்குத்தான் மாதவிலக்கும். விருந்துக்குச் சமைத்து வைத்து, ஆள் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுகிற மாதிரி.

சர்க்கரைச் சங்கிலி என்றீர்களே, அது என்ன வேலை செய்கிறது?

சுவரின் மேல் மியூசின்-1 என்று ஒரு புரதம் தென்னந்தோப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, உடம்பெல்லாம் சர்க்கரைச் சங்கிலி. சாதாரண நாட்களில் கிருமியையும் மற்றதையும் அண்டவிடாத வேலி அது. வேலி இருந்தால் கருவும் உள்ளே வரமுடியாதே? மனிதக் கருவை ஆய்வகத்தில் சுவர் செல்கள் மேல் வைத்துப் பார்த்தபோது, கரு உட்காரும் இடத்தில் மட்டும் அந்த மியூசின் உதிர்ந்துபோனதைக் கண்டார்கள். மற்ற இடத்தில் வேலி அப்படியே நிற்கிறது.

அப்புறம் செலக்டின். ரத்தக்குழாய்க்குள் வெள்ளணு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், புண் இருக்கும் இடத்தில் அது வேகம் குறைந்து, உருண்டு, நிற்கணும். அதற்கு அதன் மேல் எல்-செலக்டின் என்ற கொக்கி இருக்கிறது, குழாய்ச் சுவரில் இருக்கும் சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலியை அது பிடிக்கும். 2003-இல் சயின்ஸ் இதழில் சூசன் ஃபிஷர் குழு காட்டியது, கருவும் இதே கொக்கியை வைத்திருக்கிறது, கருப்பைச் சுவரும் அந்த நாட்களில் அதே சங்கிலியைக் கூடுதலாகக் காட்டுகிறது என்று. புது ஆற்றுத் தண்ணீரில் அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரை மதகுக் கம்பியில் மாட்டிச் சுழன்று நிற்கிற காட்சிதான் எனக்கு ஞாபகம் வந்தது. புரதம் இருந்தால் போதாது, அதன் நுனியில் அந்தச் சல்ஃபேட் சர்க்கரை இருக்கணும், இல்லாவிட்டால் கொக்கிக்குப் பிடி கிடைக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிளைக்கோடெலின். கருப்பைச் சுரப்பிகள் சுரக்கும் புரதம் இது. ஆணின் விந்துத் திரவத்திலும் இருக்கிறது. அமினோ அமில வரிசையைப் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று, அதே ஜீன். ஆனால் கருப்பையில் இருப்பதன் சர்க்கரைச் சங்கிலி நுனியில் சயாலிக் அமிலம் இருக்கும், விந்தில் இருப்பதில் ஃப்யூகோஸ் நிறைய. இந்த ஒரு வித்தியாசத்தால் கருப்பை கிளைக்கோடெலின், விந்தணு முட்டையில் ஒட்டுவதைத் தடுக்கிறது, விந்து கிளைக்கோடெலின் தடுப்பதில்லை. அப்படியென்றால் கருப்பையில் எப்போதும் தடைதானா என்று கேட்பீர்கள். இல்லை, கருமுட்டை வெளிவரும் நாட்களில் அது கிட்டத்தட்டச் சுரப்பதே இல்லை, சில நாள் கழித்துத்தான் பெருகும். அந்த நேரத்தில் விந்தணுவுக்கு வேலை முடிந்துவிட்டது, வரப்போவது கரு. இப்போது அதே கிளைக்கோடெலின் தாயின் எதிர்ப்புச் செல்களைப் பார்த்து "சும்மா இரு, இது நம்ம வீட்டுப் பிள்ளை" என்று அமர்த்துகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "மேடம், ஒரே ஆள் மாமனார் வீட்டில் ஒரு மாதிரி, அம்மா வீட்டில் ஒரு மாதிரி" என்றான். அதற்கு மேல் நான் விளக்கவே இல்லை.

பாஸ்பேட் என்றால் டி.ஏ.பி. மூட்டையில் இருக்கிறதா?

அதேதான், சிரிக்காதீர்கள். வயலுக்குப் போடுகிற அதே பாஸ்பேட்தான் நம் செல்லுக்குள் சுவிட்சாக இருக்கிறது. கைனேஸ் என்ற நொதிகள் அதைப் புரதத்தில் ஏற்றும், பாஸ்பட்டேஸ்கள் இறக்கும். இதைக் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் கொடுத்தார்கள்.

அதே 1992-இல் கருப்பை விஷயத்திலும் ஒரு பெரிய திருப்பம். லிஃப் என்ற புரதம் இல்லாத பெண் எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். கரு உண்டானது, நன்றாகவும் இருந்தது, ஆனால் எதுவும் ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்து லிஃப் உள்ள வேறு எலியின் கருப்பையில் வைத்தால் ஒட்டிக்கொண்டன. லிஃப் வந்து சுவர் செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளே ஸ்டாட்-3 என்ற புரதத்தின் 705-ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட் ஏறும். ஏறியதும் ஸ்டாட்-3 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய் ஜீன்களை எழுப்பும். பாஸ்பேட் ஏறாத ஸ்டாட்-3 செல்லுக்குள் எவ்வளவு கிடந்தாலும் இந்த வேலை நடக்காது. சரி, அப்படியானால் ஒட்டாதவர்களுக்கு லிஃப் ஊசி போட்டுவிடலாமே என்று நிஜமாகவே போட்டுப் பார்த்தார்கள். மனிதர்களில் பலன் தரவில்லை. எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட்டில் நம் ஆஸ்பத்திரி வரை வந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. மாறிய கருப்பைச் சுவர் செல்கள் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. சுவரிலிருந்து வருவதில் பாஸ்பேட் நிறைய ஏறியிருக்கும், பனிக்குட நீரில் இருப்பதில் குறைவு. பாஸ்பேட் ஏறியது, வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதத்தை பல மடங்கு இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கருவுக்குப் போகிற வளர்ச்சிச் சமிக்ஞையின் அளவு இதைப் பொறுத்து மாறுகிறது. இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டு வகைச் சோதனைக் குச்சிகள் உண்டு. ஒன்று பனிக்குடம் உடைந்து நீர் கசிகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று கருப்பை வாயில் பாஸ்பேட் ஏறிய ரகம் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் சுவரும் சவ்வும் விலகத் தொடங்கியிருக்கலாம், குறைப்பிரசவம் வரலாம். இல்லை என்று வந்தால் ஒரு வாரத்துக்கு ஓரளவு நிம்மதியாக இருக்கலாம், இருக்கிறது என்று வந்தால் அதுவே தீர்ப்பு ஆகாது. புரதம் ஒன்று, ஒட்டு வேறு, குச்சியும் வேறு.

யுபிக்விட்டின், சுமோ என்று ஏதோ சொன்னீர்களே?

சுருக்கமாகச் சொல்கிறேன். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதம், சங்கிலியாக ஏறினால் "இதை அரவைக்கு அனுப்பு" என்று அர்த்தம். 2004 வேதியியல் நோபல் இதற்குத்தான். சுமோ அதன் உறவுக்காரப் புரதம், அரவைக்கு அனுப்புவதைவிட அடக்கி வைக்கும் வேலை அதிகம். புரோஜெஸ்ட்ரோன் என்ற கர்ப்ப ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் வாங்கும் புரதம்தான் அதன் ஏற்பி, அதன் மேல் சுமோ ஏறியிருந்தால் அந்த ஏற்பி கொஞ்சம் மந்தமாக இருக்கும். சுவர் செல்கள் கருவுக்காக மாறும்போது இந்த சுமோ குறைகிறது, ஏற்பிக்கு வாய்ப்பூட்டு கழல்கிறது.

எங்கள் பசுவுக்கும் இதெல்லாம் உண்டா? மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை.

உண்டு, இன்னும் சொன்னால் பசுவில்தான் கதை அழகு. எங்கள் அத்தை வீட்டில் ஒரு உம்பளாச்சேரிப் பசு, பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் ஏறிய ஜாதி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொருக்கைப் பண்ணையில் வளர்க்கிறார்களே அதே இனம். சினை ஊசி போட்டு 21-ஆம் நாள் விடியற்காலையில் அத்தை அரிக்கேன் விளக்கோடு கொட்டகையில் நிற்பார், கத்துகிறதா, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா என்று. தொங்கினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம், அத்தை முகம் விழுந்துவிடும்.

பசுவின் கரு நம் கரு மாதிரி உடனே சுவருக்குள் புதைவதில்லை. உள்ளேயே மிதந்தபடி, பல சென்டிமீட்டர் நீளத்துக்கு நூலாக நீளும். சுமார் 16-ஆம் நாளுக்குள் "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குத் தெரியப்படுத்தாவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து, கர்ப்பத்தைத் தாங்கும் மஞ்சள் திசுவைக் கரைத்துவிடும், மாடு திரும்பப் பருவத்துக்கு வந்துவிடும். கரு அனுப்பும் செய்தியின் பெயர் இண்டர்ஃபெரான் டோ. இண்டர்ஃபெரான் என்றால் வைரஸ் வந்தால் உடம்பு அடிக்கும் மணி. செம்மறியாட்டுக் கரு சுரக்கும் புரதம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1987-இல் நேச்சர் இதழில் வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம்: வைரஸுக்கு அடிக்கிற மணியை அடித்து ஒரு கரு தன் வரவைச் சொல்கிறது.

மணி கேட்டதும் பசுவின் கருப்பைச் சுவர் ஐ.எஸ்.ஜி.-15 என்ற புரதத்தைக் குவிக்கும். இது இரண்டு யுபிக்விட்டினைச் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும், யுபிக்விட்டின் போலவே சுவரில் இருக்கிற மற்றப் புரதங்கள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். 18-ஆம் நாள் வாக்கில் சினைப் பசுவின் சுவரை எடுத்துப் பார்த்தால் இந்த ஒட்டு ஏறிய புரதங்கள் தெரியும், சினை இல்லாத பசுவில் தெரியாது. செய்தி ரத்தத்துக்கும் கசியும், வெள்ளணுக்களிலும் ஐ.எஸ்.ஜி.-15 கூடும், அதை வைத்து 20 நாளுக்குள் சினை பார்க்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்து டாக்டர் கைவிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். உங்கள் பசுவுக்கு மூன்று ஊசி வீணாகியிருந்தால், ஊசி போட்ட நேரம், தாது உப்பு, கருப்பைப் புண் இதையெல்லாம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

லைனிங் 9 மி.மீ. இருக்கிறது, பிரமாதம் என்றார்கள். ஏன் ஒட்டவில்லை?

சித்தி மகள் கேட்டதும் இதேதான். ஸ்கேன் காட்டுவது லைனிங்கின், அதாவது கருப்பைச் சுவரின் உள்பூச்சின், தடிமனை. 7 மி.மீ.க்குக் கீழே என்றால் யோசிப்பார்கள், அதற்கு மேல் என்றால் சரி என்பார்கள். ஆனால் இதுவரை நான் சொன்ன எதையும், எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது, எதன் நுனியில் என்ன சர்க்கரை என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. வரப்பு உயரத்தை அளந்து மண்ணில் என்ன சத்து என்று சொல்ல முடியுமா?

அவளுக்கு ஒரு மையத்தில் (பேர் வேண்டாம்) சுவரில் துளி எடுத்து ஜீன் சோதனை செய்யச் சொன்னார்கள், செலவு கணிசம். 238 ஜீன்களின் ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்துக் கதவு திறந்திருக்கும் நாளைச் சொல்கிறோம் என்பது அந்தச் சோதனை. ஆர்.என்.ஏ. என்பது புரதம் செய்யச் சொல்லும் சீட்டு, செய்த பிறகு ஏறும் ஒட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. 2022-இல் ஜாமா இதழில் வந்த சோதனையில், அந்த நாள் பார்த்துக் கரு வைத்தவர்களில் 58.5 சதவீதத்துக்குக் குழந்தை பிறந்தது, வழக்கமான நாளில் வைத்தவர்களில் 61.9. அதாவது கூடவில்லை. சுவரைக் கீறிவிட்டால் ஒட்டும் என்று ஒரு காலத்தில் கீறினார்கள், 2019-இல் 1,364 பெண்களில் பார்த்தால் கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் 26.1 சதவீதம், தசமம் கூட மாறவில்லை. இந்த இரண்டையும் யாராவது விற்க வந்தால் இந்த எண்களைச் சொல்லி, "அப்புறம் எனக்கு எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அது இந்த ஒட்டுகளைச் சரி செய்யுமா?

மறைமுகமாக. கிளைக்கோடெலின், ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 போன்றவற்றைச் சுரக்கச் சொல்லும் பெரிய அதிகாரி புரோஜெஸ்ட்ரோன்தான். ஐ.வி.எஃப். செய்தவர்களுக்கு அது அவசியம், நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். இயற்கையாக உண்டான கர்ப்பத்தில் ரத்தம் பட்டவர்களுக்கு? பிரிட்டனில் 4,153 பேரிடம் பார்த்தார்கள், 2019-இல் வந்தது: மாத்திரை வைத்தவர்களில் 75 சதவீதத்துக்கும், மருந்து இல்லாத வெறும் மாத்திரை வைத்தவர்களில் 72 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்களில் 72-க்கு 57 என்று தெளிவான பலன். அதனால் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அது கெடுக்குமா?

கட்டுக்குள் இல்லாவிட்டால் கெடுக்கும், கலைவதும் பிறவிக் குறையும் கூடும். கருத்தரிக்கும் முன்பே ஹெச்.பி.ஏ.1.சி.யை 6.5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். நாள் தள்ளிய பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருக்காதீர்கள், கதவு திறந்து மூடுகிற வேலை நாள் தள்ளும் முன்பே முடிந்துவிடுகிறது.

பப்பாளி, எள்ளுருண்டை?

பழுத்த பப்பாளி பற்றிப் பயம் வேண்டாம். காயில் பால் இருக்கிறது, அந்தப் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்ததைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் காயைக் கூட்டு வைக்காமல் இருப்பது நல்லது. எள் பற்றி எங்கள் ஊரில் சொல்வதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, ஆனால் மாமியாரோடு ஒரு எள்ளுருண்டைக்காகச் சண்டை போடவும் மாட்டேன்.

கரு வைத்த பிறகு படுத்தே இருக்கணுமா?

இல்லை. படுத்துக் கிடப்பதால் ஒட்டுவது கூடுவதில்லை என்று சோதனைகள் சொல்லிவிட்டன. நடங்கள், படி ஏறுங்கள், பஸ்ஸில் போங்கள். கரு கீழே விழுந்துவிடாது, கருப்பைக்குள் இரண்டு சுவரும் ஒட்டினாற்போல் இருக்கிறது, விழ இடமே இல்லை.

திருக்கருகாவூர் நெய் சாப்பிடலாமா?

தாராளமாக. கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் குழந்தை வேண்டுபவர்களுக்கு நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய், சித்தி மகளும் போய்வந்தாள், நானும் கூடப் போனேன். வேதிகை என்ற பெண்ணின் கலைந்த கருவை அம்பாள் ஒரு குடத்துக்குள் வைத்துக் காத்ததாகத் தலபுராணம். இப்போது ஆய்வகத்தில் குடம் இருக்கிறது, கருவை ஐந்தாறு நாள் அதில் வளர்க்கிறார்கள். அதற்கு மேல் குழந்தையாக வளர அந்தச் சுவர்தான் வேண்டியிருக்கிறது, அதை எந்தக் குடத்திலும் இன்னும் செய்ய முடியவில்லை. நெய்யோடு மாத்திரையையும் வேளைக்குப் போடுங்கள், அவ்வளவுதான். விளக்கெண்ணெயை மட்டும் வயிற்றில் தடவுவதோடு நிறுத்துங்கள், குடிக்காதீர்கள்.

"மண்ணு சரியில்லை" என்று மாமியார் சொல்கிறார். குறை என்னிடம்தானா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால். அது முட்டையிலும் இருக்கலாம், விந்தணுவிலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்த பிறகும் நேரலாம். கருப்பைச் சுவர் போட்டதை முளைக்கவிடும் வெறும் மண் இல்லை, அது ஆள் பார்க்கிறது. 2012-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். நல்ல கரு பக்கத்தில் இருந்தால் சுவர் செல்கள் அதை நோக்கி நகர்கின்றன, சொத்தைக் கரு என்றால் நகர்வதில்லை. ஆனால் அடிக்கடி கலைகிற பெண்களின் செல்கள் இரண்டையும் நோக்கி நகர்ந்தன. அதாவது சிலருக்குச் சுவர் கடுமையாக இருப்பதால் அல்ல, ரொம்பத் தாராளமாக இருப்பதால் நிற்கக்கூடாத கருவும் கொஞ்ச நாள் நின்று கலைகிறது. இதை மாமியாரிடம் சொல்லுங்கள், கூடவே மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுதான் செலவும் குறைவு, சீக்கிரமும் முடியும், ஆனாலும் எங்கள் பக்கம் கடைசியாகத்தான் செய்கிறார்கள்.

நாள் தள்ளும் முன்பே குச்சியில் பார்க்கலாமா?

பார்த்து ஏமாறுவீர்கள். குச்சி பிடிப்பது கரு சுரக்கும் ஹெச்.சி.ஜி.யை, அதுவும் ஒட்டிய பிறகுதான் ரத்தத்துக்கு வரும். இதிலும் சர்க்கரைச் சங்கிலி கதை உண்டு: ஹெச்.சி.ஜி. மேல் எட்டு இடத்தில் சங்கிலி ஏறியிருக்கிறது, அதனால்தான் அதன் சொந்தக்கார ஹார்மோன் எல்.ஹெச். மாதிரி சீக்கிரம் கரையாமல் ஒரு நாளுக்கு மேல் ரத்தத்தில் தாங்குகிறது. முதல் நாட்களில் வருவதில் சர்க்கரை இன்னும் கூடுதல். ஐ.வி.எஃப். ஊசியாக ஹெச்.சி.ஜி. போட்டிருந்தால் அதுவே சில நாள் குச்சியில் கோடு காட்டும், அதைப் பார்த்து இனிப்பு வாங்கிவிடாதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

நாள் தள்ளியிருந்து ஒரு பக்க அடிவயிற்றில் கடுமையான வலி, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, துணி நனைகிற அளவு ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே. குழாயில் ஒட்டிய கருவாக இருக்கலாம், அது உயிர் சம்பந்தப்பட்டது. ராத்திரி என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கரு ஒட்டும் நேரத்தை உணர முடியுமா?

ஒட்டும்போது கரு 0.1 முதல் 0.2 மி.மீ. தான், கோலமாவில் ஒரு துகள் அளவு. உணர முடியாது. எங்கள் பெரியம்மா மட்டும், நாலு பிள்ளைக்கும் அந்த நாளே தனக்குத் தெரிந்துவிட்டது, அடிவயிற்றில் சுருக்கென்றது என்று இன்றைக்கும் சொல்வார். சுருக்கென்று ஒன்றும் ஆகாத மாதங்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.